பதினேழாம் இலக்கக் கணினி

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு காலை ரிஸ்வான் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வுபெறும்வரை வேலை செய்த கந்தோரில் இப்போது கணினிப் பகுதியைப் பார்க்கிறவர் அவர். மாத்தளை நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் போன பிறகு வந்தவர் என்றாலும் பெருநாளுக்கு வட்டிலாப்பம் கொண்டுவந்து தருவார்.

"சேர், ரெண்டு விசயம். கந்தோர் மலர் ஒண்டு போடுறோம். நம்மட கந்தோருக்கு இன்டர்நெட் வந்த கதைய நீங்கதான் எழுதணும். ஒத்த லைன வெச்சு இத்தன பேரு எப்பிடிப் பாத்தீங்கண்டு இப்ப உள்ள புள்ளைகளுக்கு நம்ப ஏலாம இருக்கு."

"மற்றது?"

"ஸ்டோர்ல கழிக்கிற சாமான் பிரிச்சோம். பழைய கம்பியூட்டர் ஒண்டு கெடக்கு. ஒரு பக்க மூடி இல்ல. முன்னால பிளாஸ்டர்ல பதினேழுண்டு ஒங்கட எழுத்து. உள்ளுக்கு ஏதும் வேணுமா? இல்லாட்டி வித்துருவோம்."

ஒன்றும் வேண்டாம் என்றேன். சற்றுப் பொறுத்து, "அந்தப் பிளாஸ்டரை மட்டும் உரிச்சு எடுத்து வையுங்கோ" என்றேன்.

"பிளாஸ்டரையா சேர்?" அவர் சிரித்தார். "சரி, ஒங்கட சாமான் ஒங்களுக்கு."

அவர் கேட்ட கதையைத்தான் எழுதுகிறேன். மலருக்கு ஏற்றதாக இது இருக்காது என்று எனக்குத் தெரியும். அவர்கள் போடாவிட்டால் எனக்கு மனவருத்தம் இல்லை.

வடக்கே வடமராட்சியில் பிறந்து, பேராதனையில் படித்து, எழுபதுகளின் முற்பகுதியில் இலிகிதராக மாத்தளைக்கு வந்தேன். இரண்டு வருடத்தில் ஊர்ப்பக்கம் மாற்றம் எடுத்துப் போவது என்பதுதான் எண்ணம். திருமணம் இங்கே நடந்தது, மகள் இங்கே பிறந்தாள், எண்பத்து மூன்று கலவரத்தில் ஒரு சிங்களக் குடும்பத்தின் பின்னறையில் நான்கு நாள் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பவும் அதே மேசைக்குப் போனேன். தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு மாறும் வயது எனக்குக் கடந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், சனிக்கிழமைகளில் கண்டிக்குப் போய் ஒரு வகுப்பில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து படித்தேன். அதனால் கந்தோரில் வயரைத் தொடும் வேலை எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் கந்தோர் வாசனைப் பயிர்களோடு சம்பந்தப்பட்டது. மிளகுக் கன்று கொடுப்பது, கறுவா உரிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, சாதிக்காய் மாதிரிகளைச் சோதித்து அனுப்புவது. மாதிரி அறை என் மேசைக்குப் பின்னால் இருந்தது. காலையில் முதலில் வந்து கதவைத் திறக்கிறவன் நான். இரவெல்லாம் பூட்டிக்கிடந்த கராம்பும் ஏலமும் ஒன்றாக முகத்தில் வந்து படும். வெளியே மலை தெரியாமல் பனிப்புகார் மூடியிருக்கும். எட்டரைவரை யாரும் வரமாட்டார்கள். அந்த அரைமணி நேரம்தான் என் வேலைக்காலம் முழுவதிலும் நான் இப்போதும் திரும்பிப் போக விரும்புகிற இடம். அதே அரைமணி நேரத்தில்தான் இந்தக் கதையின் குற்றமும் நடந்தது.

கந்தோரில் கணினிகள் பத்து இருந்தன. வெளியுலகத்துக்குப் போகும் தொலைபேசி இணைப்பு ஒன்றுதான். இந்த ஒன்றைப் பத்துப் பேருக்கும் பங்கிட்டுக் கொடுக்க ஒரு கணினியில் புரொக்சி என்ற மென்பொருளை ஏற்றியிருந்தோம். எங்கள் வாசலில் இருந்த காவற்காரரை நினைத்துக்கொண்டால் விளங்கும். யாருக்கு எந்தப் பக்கம் வேண்டுமென்றாலும் அவரிடம்தான் கேட்கவேண்டும். அவர் வெளியே போய் எடுத்து வந்து கொடுப்பார். கொடுத்துவிட்டு, யார் கேட்டது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். புரொக்சிக்கு ஆட்களைத் தெரியாது. அதற்கு இலக்கங்கள்தான் தெரியும். புரொக்சிக்கு ஒன்று, மற்றவற்றுக்குப் பதினொன்றிலிருந்து என்று ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, துணிப் பிளாஸ்டரில் எழுதி முன்னால் ஒட்டியிருந்தேன். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியலை மென்பொருளுக்குள் நான்தான் எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு நாதன், அதாவது நான். பதினேழு பரமேஸ்வரி.

பரமேஸ்வரி எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்து வந்தவர். தாய் கொழுந்து எடுக்கிறவர், தகப்பன் இல்லை, ஒரு தங்கை. அவர்களுடைய லயத்திலிருந்து அரசாங்கக் கந்தோருக்கு வந்த முதல் ஆள். அப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மூன்று வருடத் தகுதிகாண் காலம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. அது முடிந்து நிரந்தரமானால் தாயைக் கொழுந்துக்கு அனுப்பாமல் நகரத்தில் ஓர் அறை எடுத்து வைத்துக்கொள்வது என்று அவர் முடிவு செய்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மதியம் சாப்பிடும்போது எங்கே அறை மலிவு என்று ஆளுக்கொரு யோசனை சொல்வோம்.

எங்கள் பணிப்பாளர் ரத்நாயக்க. உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. கெட்ட செய்தி சொல்லுமுன் சிங்களத்தில் "ஹரி", அதாவது சரி, என்று ஒருமுறை சொல்லிக் கண்ணாடியைத் துடைப்பார். தேநீர்க் கோப்பையைச் சாசரால் மூடிவைத்து, ஆறிய பிறகுதான் குடிப்பார். மாதக் கடைசியில் புரொக்சியின் பதிவை நான் அச்செடுத்துக் கொடுக்கவேண்டும். துளைவைத்த நீளத் தாள், மடிப்பு மடிப்பாக. அதை மேசையில் விரித்து, மரத்தில் செய்த அடிமட்டத்தை ஒரு வரிக்குக் கீழே வைத்து வாசித்து, ஒரு வரி கீழே நகர்த்தி, அடுத்ததை வாசிப்பார். தண்டிக்க அல்ல. "இவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று தெரிந்துகொள்கிறேன்" என்பார். கிரிக்கெட் பார்த்தவரிடம் ஓட்ட எண்ணிக்கை கேட்பார். அவ்வளவுதான்.

பழைய புரொக்சிக் கணினிக்கு வயதாகிவிட்டது. பதினொரு மணிக்கு மேல் சூடேறி உறைந்து நிற்கும். பக்க மூடியைக் கழற்றி மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஒருநாள் உள்ளே பல்லி விழுந்து மின்சாரம் போனது. மாகாணத்திலிருந்து புதிதாக வந்த ஒரேயொரு கணினி, அறிக்கை தட்டுவதற்காகப் பரமேஸ்வரியின் மேசைக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. புரொக்சியை அதற்கு மாற்றுவது என்று பணிப்பாளர் முடிவு செய்தார். தயங்கியபடி பரமேஸ்வரியிடம் சொன்னேன்.

"எடுத்துக்குங்க சார். புதுசு நம்ம கிட்ட எப்ப தங்கியிருக்கு?" என்று சிரித்தார். "ஆனா அந்தப் பல்லி செத்தத என் தலையில கட்டிடாதீங்க."

கட்டவில்லை. என் பன்னிரண்டாம் இலக்கக் கணினியை அவருக்குக் கொடுத்தேன். பழைய புரொக்சியை, அதன் குணம் தெரிந்தவன் என்பதால், நான் எடுத்துக்கொண்டேன். பெருந்தன்மையான வேலை என்று கந்தோரில் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அது உண்மையாகவே பெருந்தன்மைதான். அதற்குமேல் ஒன்றும் இருக்கவில்லை.

மாற்றும் வேலைக்கு ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். பணிப்பாளர் பல்லேபொலவில் மிளகு நாற்றுமேடை பார்க்கப் போயிருந்தார். அறிக்கை ஒன்று முடிக்கவேண்டி இருந்ததால் பரமேஸ்வரி வந்திருந்தார். இந்த வேலையை எப்படிச் செய்வது என்று ரிஸ்வான் சொன்ன கந்தோர்ப் பிள்ளைகள் அறிய விரும்பலாம். அதனால் ஒழுங்காகச் சொல்கிறேன். முதலில் எவரும் உபயோகிக்கவில்லை என்று பார்த்து, பழையதில் புரொக்சியை நிறுத்தவேண்டும். அதன் அமைப்புகள் அனைத்தையும் ஒரே கோப்பாகச் சேமித்து டிஸ்கட்டில் எடுக்கவேண்டும். பிறகு பழையதின் வலை வயரைக் கழற்றிவிடவேண்டும். இது முக்கியம். புதியதற்கும் பழையதின் இலக்கமாகிய ஒன்றையே கொடுக்கப்போகிறோம். ஏனெனில் மற்ற எல்லாக் கணினிகளும் "ஒன்றிடம் கேள்" என்று சொல்லப்பட்டிருக்கின்றன. ஒரே இலக்கத்தில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் நின்றால் இரண்டுமே வேலை செய்யாது. பிறகு புதியதில் மென்பொருளை ஏற்றி, உரிமக் குறியைத் தட்டி, சேமித்த கோப்பைத் திறந்தால் பழையது எப்படி இருந்ததோ அப்படியே புதியதில் வந்து நிற்கும். ஒன்றையும் திரும்ப எழுதத் தேவையில்லை.

உரிமக் குறி இருபத்தைந்து எழுத்து. பரமேஸ்வரி ஒரு கையில் டோர்ச்சும் மறுகையில் டிஸ்கட் உறையுமாக நின்று வாசித்தார். நான் தட்டினேன். இரண்டு தரம் பிழையாகப் போனது.

"சார், இது என்னங்க, எங்க அம்மா அரிசி அளக்குற மாதிரி நாலு நாலா கூட்டிக் குடுத்திருக்காங்க?"

"அஞ்சு அஞ்சு. அதுதான் பிழைக்குது. திரும்ப வாசியுங்கோ."

மூன்றாம் தரம் ஏற்றுக்கொண்டது. சோதித்துப் பார்க்க எந்தப் பக்கத்தைத் திறக்கலாம் என்று கேட்டேன்.

"கேக்கு பக்கம் ஒண்ணு தெறங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு நானே போடப்போறேன்."

மூன்று தட்டு வைத்த கல்யாணக் கேக் ஒன்று மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக இறங்கி வந்தது. அது முழுதாக வரும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். புதிய புரொக்சி கொண்டுவந்து தந்த முதல் பக்கம் அதுதான்.

போகுமுன், நான் எடுத்துக்கொண்ட பழைய கணினிக்கு ஓர் இலக்கம் தேவைப்பட்டது. பரமேஸ்வரியின் கணினி இப்போது ஒன்றாகிவிட்டதால் பதினேழு சும்மா இருந்தது. அதிலிருந்த பிளாஸ்டரை உரித்துப் பழையதின் நெற்றியில் ஒட்டினேன். இலக்கத்தையும் பதினேழாக மாற்றினேன். புரொக்சிக்குள் இருந்த பெயர்ப் பட்டியல் அந்தக் கோப்போடு அப்படியே வந்திருந்தது. அதில் பதினேழு பரமேஸ்வரி என்றும் பன்னிரண்டு நாதன் என்றும் இருந்தன. இரண்டையும் மாற்றி எழுதியிருக்கவேண்டும். பசி, மழை வரப்போகிறது, பஸ் போய்விடும். மறந்துவிட்டேன்.

அது மறதிதான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அடுத்து வந்த பத்து நாட்களும் நான் பிழை மட்டும் விட்ட ஒரு மனிதனாக இருந்தேன் என்பதுதான். அந்தப் பத்து நாட்களைப்போல் வேறெதற்கும் நான் ஏங்கியதில்லை.

அம்மா அப்போது ஊரில் அக்காவோடு இருந்தா. போரினால், வடக்குக்குப் போகும் ஏ-ஒன்பது பாதை மூடப்பட்டிருந்தது. தொலைபேசி வேலை செய்யாது. கடிதம் கப்பலில் சுற்றி வரும். வடக்குச் செய்திகளைப் போடும் ஒரு தமிழ் இணையத்தளம் இருந்தது. ஒவ்வொரு காலையும் எட்டு மணிக்கு, கந்தோரில் யாரும் இல்லாத நேரத்தில், அதைத் திறந்து எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று தேடுவேன். இல்லாவிட்டால் அன்றைக்கு அம்மா இருக்கிறா என்று எடுத்துக்கொள்வேன். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன்.

பதினோராம் நாள் மாதக் கடைசி. பதிவை அச்செடுத்துக் கொடுத்தேன். பின்னேரம் பணிப்பாளர் கூப்பிட்டார். அடிமட்டம் தாளில் கிடந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"நாதன், இந்த வயதில் கேக்குக்குப் பூப் போடப் பழகுகிறீர்களா? இருபத்திரண்டு தடவை."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "மகளுக்கு சேர்" என்றேன். இருவரும் சிரித்தோம். திறந்த பல்கலைக்கழகப் பக்கமும் அதே பெயரில் இருப்பதைக் காட்டி, "இதுவும் மகளுக்கா?" என்றார். ஆம் என்றேன். பரமேஸ்வரியின் பெயரில் இருந்த அந்தத் தமிழ்த் தளத்தின் முகவரி அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, அடிமட்டம் அதைத் தாண்டிப் போயிருந்தது.

மேசைக்கு வந்து புரொக்சியின் பட்டியலைத் திறந்தேன். இரண்டு பெயரை மாற்றவேண்டும். ஒரு நிமிட வேலை. கை விசைப்பலகையில் இருந்தது. அந்த நாட்களில், எந்தக் கந்தோரில் யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று விசாரிக்கப்போகிறார்கள் என்றொரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தளத்தைப் பார்ப்பது குற்றம் என்று எனக்குத் தெரிந்த எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் என் அடையாள அட்டையில் பிறந்த இடம் வடமராட்சி என்று இருந்தது. பரமேஸ்வரியின் அட்டையில் எல்கடுவ இருந்தது. தோட்டத்துப் பிள்ளை, யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று நினைத்தேன். இன்னும் சில நாள் இப்படியே கிடக்கட்டும் என்று நினைத்தேன். பட்டியலை மூடினேன். மறுநாள் எட்டு மணிக்கு மீண்டும் அந்தத் தளத்தைத் திறந்தேன், அவருடைய பெயரில், தெரிந்துகொண்டே.

மூன்று மாதம் அப்படிப் போனது. அடுத்த மாதங்களில் பதிவை அச்செடுக்க, தாள் இல்லை, மை இல்லை என்று சாட்டுச் சொன்னேன். பணிப்பாளர் வற்புறுத்தவில்லை.

பிறகு புலனாய்வுப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சாதாரணச் சேர்ட்டில், மரியாதையாக. கந்தோர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தாங்கள் தேடும் தளங்களின் முகவரிகளைக் காட்டி, புதிய கணினியில் இருந்த பதிவு முழுவதையும் அச்செடுத்துத் தரச்சொன்னார்கள். பணிப்பாளர் தானே வாசித்துப் பார்த்துத் தருவதாகச் சொல்லி, தாளை விரித்து அடிமட்டத்தை வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். முதல் மடிப்பிலேயே அவருடைய கை நின்றது. அடுத்த மடிப்பு. அதற்கடுத்தது. ஒவ்வொரு வேலைநாளும், பரமேஸ்வரி, அந்தத் தளம்.

"ஹரி" என்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

பரமேஸ்வரியைக் கூப்பிட்டார்கள். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் தமிழிலேயே சொல்கிறேன் என்றார். அதனால் மொழிபெயர்க்க என்னை இருக்கச் சொன்னார்கள்.

"அந்தப் பக்கம் எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க. நான் பாக்கல. சத்தியமா பாக்கல" என்றார்.

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

அப்போது பணிப்பாளர் அடிமட்டத்தை மறுபடி எடுத்தார். ஒரு வரியில் வைத்தார். முகத்தில் சிறு வெளிச்சம். "இங்கே பாருங்கள். எட்டு மணி, எட்டு மணி ஐந்து. இந்தப் பிள்ளை வருவது எட்டரை பஸ்ஸில். வரவு இடாப்பில் கையெழுத்து இருக்கிறது. வராத ஆள் எப்படிப் பார்ப்பது?" என் பக்கம் திரும்பினார். "நாதன், இதை மாற்றி வைத்தவர் நீங்கள். இந்தப் பதிவு பிழையாக வருமா?"

இடாப்பு அதே அறையில், அலுமாரிக்குமேல், நான் கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. அந்த மனிதர் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பெயர்ப் பட்டியல் பிழை என்று நான் சொன்னால் போதும். பதினேழு இப்போது யாரிடம் என்று அடுத்துக் கேட்பார்கள்.

"பெயர் பிழையாக வராது சேர்" என்றேன். "புதிய கணினியின் மணிக்கூடு பிந்தி ஓடியிருக்கலாம்."

வந்தவர்களில் ஒருவர் அதை எழுத்தில் தரச்சொன்னார். நான் எழுதினேன். நல்ல எழுத்து என்னுடையது. பாடசாலையில் பரிசு வாங்கியது. கீழே கையெழுத்து வைத்தேன். பரமேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. பணிப்பாளர் கோப்பையை மூடியிருந்த சாசரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை.

பரமேஸ்வரியைக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை நான் பட்டியலைத் திறந்து இரண்டு பெயர்களையும் திருத்தினேன். ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அந்தத் தளத்தை அதன் பிறகு திறக்கவில்லை.

வழக்கு ஒன்றும் இல்லை. விட்டுவிட்டார்கள். ஆனால் தகுதிகாண் காலத்தில் இருப்பவரை நிரந்தரமாக்க முடியாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பணிப்பாளர் இரண்டு தரம் எதிர்த்து எழுதினார். நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

சாமான்களை எடுக்கப் பரமேஸ்வரி வந்தார். குடை, சாப்பாட்டுப் பெட்டி, மழைக்கு வைத்திருந்த றப்பர் செருப்பு. மெலிந்திருந்தார். எல்லோரும் வேலையில் மூழ்கியவர்கள்போல் குனிந்திருந்தார்கள். என் மேசைக்கு முன்னால் வந்து, பழைய கணினியின் நெற்றியைப் பார்த்தபடி நின்றார்.

"சார், பதினேழு என்னோட நம்பருங்களே. அது எப்பிடி இங்க வந்துச்சு?"

நான் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"கொஞ்சம் பாருங்க சார்."

"பாக்கிறன்" என்றேன்.

"பாத்துட்டு சொல்லுங்க."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. குடையை விரிக்காமல் இறங்கிப் போனார்.

அந்த வருடக் கடைசியில் அக்காவின் கடிதம் வந்தது. அம்மா நித்திரையில் போய்விட்டா. ஷெல் அல்ல, வயது. கடிதம் என் கைக்கு வந்தபோது முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்திருந்தது. மூன்று மாதம் ஒருவருடைய பெயரில் நான் தேடிய அந்தப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

அதன்பின் இரண்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றேன். ஓய்வு விருந்தில், கந்தோருக்கு இணையம் கொண்டுவந்தவர் என்று என்னைப் புகழ்ந்து பேசினார்கள். பணிப்பாளர் அப்போது மாற்றலாகிப் போயிருந்தார். வரவில்லை. வாழ்த்துத் தந்தியும் அனுப்பவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா என்று நான் இன்றுவரை அறியேன். ஆறிய தேநீரைச் சாசர் நீக்கிக் குடித்தபடி, "என்ன நாதன்" என்று அவர் ஒருமுறை என்னைக் கேட்டிருக்கக்கூடாதா என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நம்ப ஆசை.

ரிஸ்வான் பிளாஸ்டரை ஒரு கடித உறையில் போட்டு அனுப்பினார். மை மங்கியிருந்தது. அடுத்த வாரம் எல்கடுவவுக்கு பஸ் ஏறினேன். லயத்தில் விசாரித்ததில், பரமேஸ்வரி சில வருடம் குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்து இப்போது இரத்தோட்டையில் இருக்கிறார், கேக் செய்து விற்கிறார் என்றார்கள். இரத்தோட்டையில் முச்சக்கர வண்டிக்காரருக்கு வீடு தெரிந்திருந்தது.

கதவு திறந்திருந்தது. சுழலும் தட்டில் கேக் ஒன்றை வைத்து ஓரத்தில் பூப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கை நிற்கவில்லை.

"வாங்க நாதன் சார். அந்தக் கதிரையில உக்காருங்க. நாலு மணிக்கு இத எடுக்க வந்துருவாங்க. வேலைய விட ஏலாது."

உட்கார்ந்தேன்.

"பாத்திட்டன், பரமேஸ்வரி" என்றேன்.

எதை என்று அவர் கேட்கவில்லை. ஒரு பூ முடிந்தது. தட்டைச் சிறிது திருப்பினார்.

"இத்தன வருசமாவா சார் பாத்தீங்க?"

"பதினேழு என்ர. நான்தான் பாத்தனான். ஒவ்வொரு நாளும்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"உள்ள வெச்சிருந்தப்பவே. ரெண்டாவது நாளு உக்காந்து யோசிச்சேன். என் மெசின நாதன் சார்தான் மாத்துனாரு, அவர கேளுங்கன்னு சொன்னேன். ஒரு கடுதாசிய எடுத்துக் காட்டுனாங்க. அழகா எழுதியிருந்தீங்க." இன்னொரு பூ. "அதுக்கப்புறம் நான் ஒண்ணும் பேசல."

"பிறகு கந்தோருக்கு வந்தனீங்கள். எல்லாருக்கும் முன்னால சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்றதுக்கு வரல சார். நீங்க சொல்லுவீங்கன்னு வந்தேன்."

மன்னிப்பு என்று வாயெடுத்தேன். அவர் தலையை அசைத்தார்.

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? மக இந்த வருசம் ஏ.எல். பரீட்ச முடிச்சுட்டு கவர்மென்ட் வேலைக்கு அப்ளிகேசன் போடப்போறா. அம்மா ஏன் அந்த வேலைய விட்டீங்கன்னு கேக்குறா. நான் சொன்னா, தாய் அப்பிடித்தான் சொல்லுவான்னு யாராச்சும் சொல்லுவாங்க. நீங்க எழுதிக் குடுங்க சார். அன்னைக்கி எழுதிக் குடுத்தீங்கல்ல, அதே மாதிரி. கையெழுத்து வெச்சு."

எழுதித் தருகிறேன் என்றேன். எழும்பி வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கேட்டார். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல்.

"உங்க அம்மா அங்கதானே இருந்தாங்க. அதுல அவங்கள பத்தி ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லை" என்றேன்.

"ம்" என்றார். தட்டு சுழன்றது.

அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து எழுதினேன். ஒரு பிரதியை அவருக்குக் கொடுத்தேன். ஒன்றைக் கந்தோருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பழைய பதிவுகள் இப்போது இல்லை, ஆகையால் இதுபற்றி ஒன்றும் செய்ய இயலாது என்று பதில் வந்தது. அதனால் மலருக்கு என்று ரிஸ்வான் கேட்ட இடத்தில் அதையே எழுதுகிறேன்:

புரொக்சி புதிய கணினிக்கு மாற்றப்பட்ட நாளிலிருந்து பதினேழாம் இலக்கத்தில் நடந்த அனைத்தும் என்னுடையவை. பரமேஸ்வரி அந்தப் பக்கத்தை ஒருநாளும் திறக்கவில்லை. அவர் பார்த்தவை பன்னிரண்டாம் இலக்கத்தில் என் பெயரில் இருந்தன: திறந்த பல்கலைக்கழகம், கல்யாணக் கேக்குகள். மணிக்கூடு சரியாகவே ஓடியது.